மோப்ப நாய் ஏன் பாதியில் நிற்கிறது? தேடும் மூக்கின் கதை (நீண்ட இழை)

1. எந்த ஊர் திருட்டுச் செய்தியை எடுத்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, சிறிது தூரம் ஓடிப்போய் மெயின் ரோட்டில் நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. படிச்சுட்டு சிரிச்சிருப்போம். டீக்கடையில் இதை வச்சு ஜோக்கே உண்டு.

2. ஆனா அந்த நாய் தோற்கலை. திருடன் அந்த இடம் வரை நடந்து வந்தான், அங்கிருந்து வண்டி ஏறிட்டான் என்பதைத்தான் அது சொல்லுது. நமக்குத்தான் கேட்கத் தெரியலை. இதே மூக்கு, திருடனை விட்டுட்டு மண்ணுக்கடியில் இருக்கும் மனுஷனைத் தேடும்போது என்ன செய்யும்? தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியமான கேள்வி. பார்க்கலாம் வாங்க.

3. முதல்ல கொஞ்சம் உடற்கூறு. வாசனையை உணரும் செல்கள் நமக்கு 50 முதல் 60 லட்சம். பிளட்ஹவுண்ட் இன நாய்க்கு 30 கோடி வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணிக்கை மட்டும் இல்லீங்க, மூக்கின் அமைப்பே வேற.

4. நாம மூச்சை விடும்போது, உள்ளே இழுத்த வாசனையும் அதே வழியா வெளியே போயிடும். நாய் மூக்கின் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பிளவு இருக்கும், கவனிச்சுப் பாருங்க. விடும் மூச்சு அந்தப் பிளவு வழியாப் பின்பக்கம் போகும். அதனால் தரையில் கிடக்கும் வாசனை கலையாது. ஒரு நொடிக்கு ஐந்து தடவை கூட முகரும். இழுத்த காற்றில் ஒரு பகுதி சுவாசத்துக்குப் போகாமல் நேரா மோப்பத்துக்கு என்றே உள்ள பின்னறைக்குப் போயிடும்.

5. அது எதை முகருது? நம்ம தோலிலிருந்து செத்த செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கு. அதோடு வியர்வை, எண்ணெய்ப் பசை, தோலில் வாழும் பாக்டீரியா. இது எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆள் மாறும் ஒரு வாசனை. நடந்து போனால் பின்னாடியே தூவிக்கிட்டுப் போறோம். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் அது தங்கும். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் சீக்கிரம் போயிடும்.

6. தேடும் நாய்களின் வேலை மூன்று விதம். ஒன்று, குறிப்பிட்ட ஒருவரின் தடத்தைப் பிடித்துத் தலையைக் குனிந்தபடி போவது. இரண்டு, யார் எவர் என்று பார்க்காமல் காற்றில் மனித வாசனை எங்கிருந்து வருது என்று கண்டுபிடிப்பது. மூன்று, இறந்த உடலின் வாசனையைத் தேடுவது. ஒரே நாயிடம் மூன்றையும் எதிர்பார்ப்பது, ஒரே டாக்டரை மயக்க மருந்து கொடு, ஆபரேஷன் செய், ஸ்கேனும் பார் என்பது மாதிரி.

7. முதல் வேலைக்குப் பேர்போனது பிளட்ஹவுண்ட். தொங்கும் காது, சுருங்கிய முகம், சோகமான கண். ஐரோப்பாவில் வேட்டையில் அடிபட்டு ஓடிய விலங்கைத் தொடர வளர்த்த இனம். பிறகு ஆட்களைத் தேடவும் பயன்படுத்தினார்கள்.

8. 1888. லண்டனில் ஜாக் தி ரிப்பர் கொலைகள். போலீஸ் கமிஷனர் சர் சார்லஸ் வாரன், பார்னபி, பர்கோ என்ற இரண்டு பிளட்ஹவுண்டுகளை வரவழைத்துப் பூங்காவில் சோதனை ஓட்டம் பார்த்தார். நன்றாகவே ஓடின. ஆனா காவல்துறை அவற்றை விலைக்கு வாங்கவில்லை. உரிமையாளர் திரும்ப எடுத்துக்கிட்டார்.

9. நவம்பர் 9 அன்று அடுத்த கொலை. நாய் வந்து மோப்பம் பிடிக்கட்டும், யாரும் உள்ளே போய்த் தடத்தைக் கலைக்க வேண்டாம் என்று அறைக் கதவைத் திறக்காமலே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போலீஸ் வெளியே காத்திருந்தது. நாய்கள் வரவே இல்லை. கடைசியில் கதவை உடைத்தார்கள். இந்தச் சம்பவத்தை மனசில் வச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வரும்.

10. அதே இனம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சம்பவம். மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் எர்ல் ரே, 1977 ஜூனில் அமெரிக்காவின் டென்னசி மலைச் சிறையிலிருந்து தப்பினான். சுற்றிலும் காடு. சுமார் 54 மணி நேரம் கழித்து, இலைக் குவியலுக்கடியில் ஒளிந்திருந்தவனைக் கண்டுபிடித்தவை பிளட்ஹவுண்டுகள். ஈரமான மலைக்காடு இந்த மூக்குக்கு எவ்வளவு சாதகம் பாருங்க.

11. இப்ப இரண்டாவது வேலை, இடிபாடு. இதன் கதை தொடங்குவது ஒரு தெருநாயிடம். 1940, லண்டன் மேல் ஜெர்மன் குண்டுவீச்சு. பாப்லர் பகுதியில் குண்டு விழுந்த இடத்தில் அநாதையாகத் திரிந்த ஒரு கலப்பின நாய்க்கு வார்டன் ஒருவர் சோறு போட்டார். அது அவரோடேயே ஒட்டிக்கொண்டது. பெயர் ரிப்.

12. யாரும் சொல்லிக் கொடுக்காமலே ரிப் இடிபாடுகளை முகர்ந்து ஆட்கள் இருக்கும் இடத்தைக் காட்ட ஆரம்பித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடிக்க உதவியது. இதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலைக்கு என்றே நாய்களைப் பழக்கலாம் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. போர் முடியும் காலத்தில் இர்மா, ஜெட் போன்ற பயிற்சி பெற்ற அல்சேஷன்கள் வந்தன. 1945-ல் ரிப்புக்கும் டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். போரில் உதவிய விலங்குகளுக்கான மிக உயர்ந்த விருது அது.

13. இங்கே ஒரு மருத்துவ இணைப்பு. அதே லண்டன் இடிபாடுகளில்தான் எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மணிக்கணக்கில் கால் நசுங்கிக் கிடந்தவரை உயிரோடு வெளியே எடுக்கிறார்கள். பேசுகிறார், தெம்பாக இருக்கிறார். அடுத்த சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகிறார். 1941-ல் அவரும் பீல் என்பவரும் இதை எழுதினார்கள். இன்று இதற்குப் பெயர் கிரஷ் சிண்ட்ரோம்.

14. காரணம் எளிது. நசுங்கிய தசையில் பொட்டாசியமும் மயோகுளோபினும் தேங்கி நிற்கும். பாரத்தைத் தூக்கிய நிமிஷம் அது மொத்தமும் ரத்தத்தில் பாயும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். அதனால்தான் கல்லைத் தூக்குவதற்கு முன்னாடியே சலைன் ஏற்றத் தொடங்கணும் என்பது இன்றைய விதி. அதுக்கு, கல்லுக்கடியில் ஆள் எங்கே என்று முதல்ல தெரியணும். ஜேசிபி பக்கெட் தெரிவிக்காது. நாய் தெரிவிக்கும்.

15. நம்ம நாட்டுக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் காவல்துறை நாய்ப்பிரிவு தொடங்கிவிட்டது. இந்தியாவில் இதில் நாம முன்னோடி. 1959-ல் கேரளக் காவல்துறை தன் நாய்ப்பிரிவைத் தொடங்கியபோது முதல் மூன்று அல்சேஷன் நாய்களும் மெட்ராஸ் காவல்துறையிடமிருந்துதான் போயின. இந்தக் கடன் 61 வருஷம் கழித்து எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் இந்த இழையின் மையம்.

16. அதுக்கு முன்னாடி மலையைப் பற்றி ஒரு வார்த்தை. மூணாறு நமக்கு வேற ஊர் கிடையாது. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாத்தான் வெளியுலகம் போச்சு. இன்னைக்கும் விடியுமுன்னே போடி, தேவாரம், கம்பத்திலிருந்து ஜீப் ஜீப்பாப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுறாங்க. மலையில் மண் சரிந்தால் கீழே நம்ம வீட்டில்தான் ஒப்பாரி.

17. தேனின்னதும் பலருக்கு ஞாபகம் வருவது 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் கிடந்தவர்களை உள்ளூர் மக்களும் மீட்புக் குழுவும் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். புகையும் சூடும் நிறைந்த நிலத்தில் நாய் மூக்குக்கு வேலை கஷ்டம், பாதமும் வெந்துவிடும். எல்லாப் பேரிடருக்கும் நாய் மருந்தாகாது. ஆனா மண்சரிவு வேற கதை.

18. 2020 ஆகஸ்ட் 6, இரவு. மூணாறை அடுத்த ராஜமலை பக்கம் பெட்டிமுடி. விடாத மழை. மேலே மலை உடைந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் வந்து விழுந்தது. வரிசையா ஒட்டிக் கட்டிய வீடுகள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம்.

19. கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. வெளியுலகத்துக்குச் சேதி போனதே மறுநாள் காலையில்தான். பெரியவரை பாலம் வெள்ளத்தில் சேதமாகி ஆம்புலன்ஸ் போக வழியில்லை. 12 பேரை உயிரோடு மீட்டார்கள். 66 உடல்கள் கிடைத்தன. 4 பேர் கிடைக்கவே இல்லை. மொத்தம் 70 பேர்.

20. பூகம்பத்துக்கும் மண்சரிவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கான்கிரீட் கட்டடம் விழும்போது தூணுக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். அதில் காற்று இருக்கும், நாள்கணக்கில் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. 2023 பிப்ரவரி துருக்கி பூகம்பத்தில் நம்ம தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரோமியோ, ஜூலி என்ற நாய்கள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடு இருந்த இடத்தைக் காட்டியது அப்படித்தான். சேறு அந்த இடைவெளியைத் தராது. மூக்கு, வாய் வரை நிறைத்துவிடும். முதல் நிமிடங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

21. பெட்டிமுடிக்கு வந்தவை கேரளக் காவல்துறையின் மாயா (லில்லி என்றும் பெயர்), டோனா. மாயா பெல்ஜியன் மாலினோய்ஸ், டோனா லாப்ரடார். திருச்சூரில் உள்ள கேரளக் காவல் பயிற்சி மையத்தில் பழக்கப்பட்டவை. மாயாவுக்கு மேலே சொன்ன மூன்றாவது வேலை, இறந்த உடலைத் தேடுவது. டோனாவுக்கு இரண்டாவது, உயிரோடு இருப்பவரைத் தேடுவது. சேற்றுக்கடியில் உடல்கள் இருந்த இடங்களை மாயா காட்டியது.

22. இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். உடல் சிதையும்போது நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் ஆவியாக வெளியேறும். நனைந்து இறுகிய மண்ணில் அது நேரா மேலே வராது. எங்கே விரிசல் இருக்கோ அங்கே எட்டிப்பார்க்கும், அல்லது ஊற்றுத் தண்ணியோடு சரிவில் இறங்கிக் கொஞ்சம் தள்ளி வெளியே வரும். நாய் நிற்கும் இடம் வாசனை வெளியேறும் இடம். உடல் அதுக்கு மேல்பக்கம் இருக்கலாம்.

23. அதனால் கம்பியால் மண்ணில் துளை போட்டு, உள்ளே அடைபட்ட வாசனை மேலே வர விட்டு, மறுபடி நாயை முகர விடுவார்கள். நாய் கொடுக்கும் பதிலைப் படித்து, காற்றின் திசையைப் பார்த்து, சரிவைக் கணக்குப் போட்டுத் தோண்டும் இடத்தைத் தீர்மானிப்பது கூட இருக்கும் காவலர். மூக்கு நாயோடது, கணக்கு அவரோடது. ரோட்டில் நின்ற நாயைப் பார்த்துச் சிரித்தோமே, அங்கே நமக்கு விட்டுப்போனது இந்த இரண்டாவது பாதிதான்.

24. பெட்டிமுடியில் இன்னொரு நாயும் தேடியது. பெயர் குவி. போலீஸ் நாய் இல்லை, லயத்தில் ஒரு வீட்டில் வளர்ந்த நாட்டு நாய். அந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையோடு விளையாடி வளர்ந்தது. எட்டாவது நாள், ஆற்றின் கீழ்ப்பக்கம் ஓர் இடத்தில் தண்ணியைப் பார்த்தபடி நகராமல் நின்றது. மீட்புக் குழு இறங்கித் தேடியபோது அந்தக் குழந்தையின் உடல் கிடைத்தது.

25. குவி சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்த இடுக்கி மாவட்டக் காவல்துறை நாய்ப்பிரிவினர், அதைத் தங்களோடு அழைத்துப் போய்ப் பராமரித்தார்கள். சில மாதம் கழித்து, அந்தக் குடும்பத்தில் மிஞ்சிய பாட்டியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். குவி தேடியது தனக்குத் தெரிந்த ஒரு குழந்தையை. மாயா தேடியது தனக்கு யாரென்றே தெரியாத 70 பேரை. முதலாவதுக்குப் பாசம் போதும். இரண்டாவதுக்குப் பயிற்சி, சம்பளம், பட்ஜெட் எல்லாம் வேணும்.

26. இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். செத்தவங்களைத் தேட இவ்வளவு செலவு எதுக்கு டாக்டர்? அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற யாரும் இதுக்குப் பதில் சொல்லிடுவாங்க.

27. உடல் கிடைத்தால் பிரேத விசாரணை, போஸ்ட்மார்ட்டம், இறப்புச் சான்றிதழ். அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டுதான் நிவாரணத் தொகை, பிஎஃப், இன்சூரன்ஸ், வாரிசுச் சான்றிதழ், விதவை பென்ஷன் எல்லாம் வரும். உடல் இல்லைன்னா அவர் காணாமல் போனவர். 1872-ன் சாட்சியச் சட்டம் பிரிவு 108, இப்போதைய புதிய சட்டத்தில் பிரிவு 111. ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்ததாக அனுமானிக்கலாம்.

28. பேரிடர்களில் அரசு தனி உத்தரவு போட்டு இதைச் சுருக்குவதுண்டு. 2013 உத்தராகண்ட் வெள்ளத்துக்குப் பிறகு அப்படிச் செய்தார்கள். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் காணாமல் போனவர்களை இறந்தவர்களாக அறிவிக்க 2025 ஜனவரியில் முடிவானது. ஆறு மாசம். கணவன் சம்பளத்தில் ஓடிய வீட்டுக்கு ஆறு மாசம் எவ்வளவு நீளம் என்று யோசிங்க.

29. காசு ஒரு பக்கம். மனசு இன்னொரு பக்கம். முகத்தைப் பார்க்காமல், ஒரு பிடி மண் போடாமல், துக்கம் தொடங்கவே மாட்டேங்குது. எங்கேயாவது ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடப்பாரோ என்று வருஷக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இதற்கு உளவியலில் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கு. பெட்டிமுடியில் இறந்தவர்களைப் பக்கத்திலேயே ராஜமலையில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில் போய் அழக்கூட முடியாத நான்கு பேரின் குடும்பங்களை நினைத்துப் பாருங்க.

30. பெட்டிமுடிக்குப் பிறகு கேரளா நிறுத்தவில்லை. வயநாட்டில் மாயாவும் மர்பியும் தேடின. 2025 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் இடிந்து 8 பேர் சிக்கினார்கள். அங்கேயும் மாயாவையும் மர்பியையும்தான் விமானத்தில் கொண்டுபோனார்கள். அவை காட்டிய இடத்தில் தோண்டியபோது ஓர் உடல் கிடைத்தது. ஒரு மாநிலப் போலீஸ் நாய்கள் இன்னொரு மாநிலத்துக்கு அழைக்கப்படுவது பெருமைதான். இந்த மாதிரி நாய்கள் நாட்டில் எவ்வளவு அரிது என்பதும் அதிலேயே தெரியுது.

31. இப்ப 1888 லண்டன் கதவுக்குத் திரும்புவோம். நாய் நல்ல நாய்தான், ஆனா வேணுங்கிற அன்னைக்கு ஊரில் இல்லை. நம்ம தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். தேனிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல். பாதை அறுந்த மழை நாளில், அதுக்கு மேல மலையும் ஏறணும். உயிரோடு இருப்பவரைத் தேடும் நாய்க்கு இந்தத் தூரம்தான் முதல் எதிரி.

32. மாவட்ட போலீஸ் நாய்ப்பிரிவுகளின் வேலை பெரும்பாலும் திருட்டு, கொலை, வெடிகுண்டு, கஞ்சா. அது வேணும், கம்பம் பக்கம் கேட்கவே வேணாம். அதோடு மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஒவ்வொரு மாவட்டத்திலும் இடிபாடு, மண்சரிவு தேடலுக்குப் பழகிய ஒரு ஜோடி நாயும் இருக்கணும். ஒன்று உயிருக்கு, ஒன்று உடலுக்கு. தேனி, நீலகிரி, திண்டுக்கல், கோவை, தென்காசி. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கிக்கும் கைகொடுக்கலாம். 1959-ல் நாம அனுப்பினோம், 2020-ல் அவங்க நம்ம ஆட்களைத் தேடித் தந்தாங்க. இந்தக் கணக்கு தொடரட்டும்.

33. கோம்பை நாய் இருக்கேன்னு கேட்பீங்க. உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பை ஊரின் பெயரையே தாங்கிய இனம். 2020 ஆகஸ்ட் மாத மன் கி பாத் உரையில் பிரதமர் நாட்டு இனங்களைச் சொன்னபோது கோம்பையையும் சொன்னார். தாராளமாப் பழக்கிப் பார்க்கலாம். ஆனா காவலுக்குப் பேர்போன நாய் அந்நியரைக் கண்டால் சீறும். மீட்பு நாய் ஆயிரம் அந்நியர் நடுவே அமைதியா வேலை செய்யணும், ஒரு பந்துக்காக நாள் முழுக்கத் தேடணும். லாப்ரடாரும் மாலினோய்ஸும் அதிகம் தேர்வாவது இதனால்தான். ஊர்ப் பெருமை வேற, வேலைக்கான தேர்வு வேற. ரிப் மாதிரி ஒரு கோம்பை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

34. கடைசியா, நம்ம கையில் இருக்கிற சில விஷயங்கள்.

அ) மண்சரிவோ கட்டட விபத்தோ நடந்த இடத்தில் கூட்டமா ஏறி நிற்காதீங்க. உங்க வாசனை மேலே பரவினா கீழே இருப்பவரின் வாசனையைப் பிரித்தறிவது நாய்க்குக் கஷ்டம். நாய் வேலை செய்யும்போது எல்லோரும் காற்று வரும் திசையிலிருந்து விலகணும், ஜேசிபி எஞ்சினை நிறுத்தணும்.

ஆ) அந்த வீட்டில் அன்னைக்கு ராத்திரி எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் படுத்திருந்தாங்க என்பதைத் தெரிஞ்சவங்க முதல்ல போலீஸில் சொல்லணும். நாய்க்கு எங்கே தொடங்குவது என்று காட்டுவது அந்தத் தகவல்தான்.

இ) இடிபாட்டில் கை கால் மாட்டியவரைப் பார்த்தா, நீங்களா இழுத்து எடுக்காதீங்க. 108-க்குச் சொல்லி, எவ்வளவு நேரமா மாட்டியிருக்கார் என்பதையும் சொல்லுங்க. காரணம் மேலே 14-ல் இருக்கு.

ஈ) வீட்டில் மறதி நோய் உள்ள பெரியவர் இருந்து, தோட்டம் காடு பக்கம் வழி தவறிப் போயிட்டா, அவர் கடைசியா உடுத்திய துணி, தலையணை உறையைத் தொடாமல், துவைக்காமல் வையுங்க. மற்ற துணியோடு சேர்க்காதீங்க. தடம் பிடிக்கும் நாய்க்கு அதுதான் முகவரி. நாலு பேர் கிளம்பி நாலு பக்கம் மிதித்துத் தேடுவதற்கு முன்னாடி போலீஸுக்குச் சொல்லிடுங்க. முதல் ஒரு மணி நேரத்தின் மதிப்பு, மறுநாள் ஊரே சேர்ந்து தேடினாலும் வராது.

35. அடுத்த தடவை மோப்ப நாய் மெயின் ரோட்டில் நின்றது என்று பேப்பரில் படிச்சா, அது அங்கே என்ன சொல்லுது என்று ஒரு நிமிஷம் யோசிங்க. பெட்டிமுடியில் அப்படி நின்ற இடங்களில்தான் பல குடும்பங்களுக்கு அவங்க ஆள் திரும்பக் கிடைச்சாங்க. மழைக்காலம் வருது. மலைக்குப் போறவங்களும் மலையில் வேலை பார்க்கிறவங்களும் பத்திரமா இருங்க.